இலைச்சுருட்டியின் ரேகை

நெருஞ்சிப்பாறையில் வெள்ளைச்சி என்று ஒருத்தி இருந்தாள், அவளுக்கு இரண்டு கட்டைவிரல் இருந்தது, இரண்டிலும் ரேகை இல்லை. மலையடிவாரத்து ஈச்சம்புதரில் ஓலை அறுத்து, முள் சீவி, ஓலையை நார்நாராகக் கிழித்து விளக்குமாறு கட்டுகிற வேலையை ஏழு வயதில் தொடங்கி நாற்பத்தாறு வயதுவரை விடாமல் செய்தவளுக்கு, ரேகையெல்லாம் ஒவ்வொரு மாறோடும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிப்போய், தாலுக்காவில் யார் யாருடைய வாசலையோ பெருக்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டுமல்ல, நெருஞ்சிப்பாறையில் வருஷக்கணக்காக மாறு கட்டிவந்த அறுபத்துநாலு பேருக்கும் அப்படித்தான். அவர்கள் எல்லோரும் ஈச்சணர்கள், எல்லோரும் மாறு கட்டுகிறவர்கள், எல்லோருடைய கட்டைவிரலும் கழுவிவைத்த கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருந்தது.

இது யாருக்கும் ஒரு குறையாகத் தெரியாமல்தான் இருந்தது, ரேஷன் கடைக்குக் கைரேகை மெஷின் வரும்வரை. மெஷினுக்குள் ஒரு பெண்ணின் குரல் இருந்தது. அந்தக் குரலுக்குக் கோபமே வராது. ஒருவர் நூறு தடவை விரலை அழுத்தினாலும் நூறு தடவையும் ஒரே இனிமையோடு, "அங்கீகாரம் தோல்வி, மீண்டும் முயற்சிக்கவும்" என்று சொல்லும். வெள்ளைச்சி பதினொரு மாதம் முயற்சித்தாள். விரலில் எண்ணெய் தடவச் சொன்னார்கள், தடவினாள். மஞ்சள் தேய்க்கச் சொன்னார்கள், தேய்த்தாள். ரேஷன் கடை சேல்ஸ்மேன் திருமூர்த்தி, மேல்சாதிக்காரர்கள் இருக்கிற பக்கத்துப் பெரிய ஊர்க்காரன், பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், "ஏ வெள்ளைச்சி, உன்ற விரல ஒரு மாசம் சும்மா வெய்யி, ரேகை தானா மொளைக்கும்" என்றான்.

"விரல் சும்மா இருந்தா வாய்க்கு என்னத்தப் போடறதுங்?" என்றாள் அவள்.

திருமூர்த்தி அடுத்த கார்டை வாங்கிக்கொண்டான்.

பன்னிரண்டாம் மாதம், பொங்கல் கழிந்த செவ்வாய்க்கிழமை, வெள்ளைச்சி கடைக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடியில் தன் முறைக்காகக் காத்திருந்தபோது, சுருட்டின பீடி மாதிரி ஒரு இலை அவள் தலையில் விழுந்து கொண்டையில் செருகிக்கொண்டது. அவள் மெஷினுக்கு முன்னால் போய்க் குனிந்ததும், அந்தச் சுருளுக்குள்ளிருந்து ஒரு பழுப்புப் பூச்சி, நெல்மணியைவிடக் கொஞ்சம் பெரிதான ஒன்று, மெதுவாக வெளியே வந்து, ஈரம் காயாத சிறகை விரித்து, விரல் வைக்கிற கண்ணாடிமேல் இறங்கி உட்கார்ந்தது. மெஷின் பச்சை விளக்கை எரியவிட்டு, "வெள்ளைச்சி, குடும்ப உறுப்பினர் எண் ஒன்று, அங்கீகரிக்கப்பட்டது" என்றது.

திருமூர்த்தி அரிசி அளந்தான். அவன் ஆச்சரியப்படவில்லை. பதினெட்டு வருஷம் ரேஷன் கடையில் இருந்தவனுக்குப் பருப்பு வராத மாதத்தில் பருப்பு வந்தால்தான் ஆச்சரியம். மெஷின் ஒப்புக்கொண்டதை ஒப்புக்கொள்வது அவன் வேலை. மூட்டையை அவள் பக்கம் தள்ளிவிட்டு, பூச்சியை உள்ளங்கையால் மூடி ஒரு காலி தீப்பெட்டிக்குள் விட்டுக்கொடுத்து, "பத்தரமா வெச்சுக்க, அடுத்த மாசம் வர்றப்ப இவங்களையும் கூட்டிட்டு வந்துரு" என்றான். வெள்ளைச்சியை அவன் ஒருநாளும் 'இவங்க' என்று சொன்னதில்லை.

சேதி கேட்டு மற்றவர்கள் புங்கமரத்துக்கு வந்தார்கள். மரத்தில் பாதி இலை சுருண்டிருந்தது. ஒவ்வொரு சுருளுக்குள்ளும் ஒரு கூட்டுப்புழு, ஒவ்வொரு கூட்டிலிருந்தும் ஒரு பூச்சி, ஒவ்வொரு பூச்சியின் சிறகிலும் சுழியும் கோடுமாக ஒரு ரேகை. ஒன்றன்பின் ஒன்றாக மெஷின்மேல் உட்காரவைத்துப் பார்த்ததில், இது மாதனுடையது, இது ரங்கியுடையது, இது போன வருஷம் கல்லுக்குழியில் விழுந்து இடுப்பு ஒடிந்துகிடக்கிற சடையனுடையது என்று மெஷினே பெயர் சொல்லிப் பிரித்துக்கொடுத்தது. சாயங்காலத்துக்குள் அறுபத்துநாலு பேருக்கும் அறுபத்துநாலு பூச்சி கிடைத்துவிட்டது. அன்று நெருஞ்சிப்பாறையில் எல்லா அடுப்பிலும் சோறு பொங்கியது, ரங்கி தன் பூச்சிக்கு ஒரு பருக்கை வைத்துப் பார்த்தாள், அது தின்னவில்லை, "எம் பங்கு மிச்சம்" என்று அந்தப் பருக்கையையும் அவளே தின்றாள்.

அதன் பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. கூரை எரவாணத்தில் தீப்பெட்டிகள் செருகியிருந்தன. பூச்சிக்கு ஆயுசு ஒன்பது நாள். ஆனால் அது புங்க இலையில் முட்டையிட்டால், அந்த முட்டையில் வருவதில் ஒன்று அதே ரேகையோடு வரும், அதனால் மரத்தில் இன்னார் கிளை இன்னாருக்கு என்று துணி கட்டி வைத்துக்கொண்டார்கள். புருஷன் பெட்டியைப் பெண்டாட்டி எடுத்துப்போய் அவன் பேரில் சர்க்கரை வாங்கிவந்ததால் இரண்டு வீட்டில் சண்டை நடந்தது. கிழவர் ஒருவர் செத்து பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகும் அவருடைய பூச்சி கோதுமை வாங்கியது. மேலதிகாரிகள் வந்து பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, கடைசியில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார்கள்: பூச்சிகள் நேரில் ஆஜராக வேண்டும், பிரதிநிதிகளை அனுப்பக் கூடாது.

பெரிய ஊர்க்காரர்களும் ஒரு ஆசையில் வந்து மரத்தை உலுக்கிப் பார்த்தார்கள். அவர்கள் ரேகை உள்ள பூச்சி ஒன்றுகூட விழவில்லை. அவர்கள் விரலில்தான் ரேகை அப்படியே இருந்ததே. உடனே ஊர்க்கூட்டம் போட்டு, இந்தப் பூச்சி கோயில் விளக்குக்கு வருவதாகவும், கோயிலுக்குள் வர அதற்கு உரிமை கிடையாதென்றும் தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தை யார் போய்ப் பூச்சியிடம் வாசிப்பது என்பதில் கருத்து ஒற்றுமை ஏற்படவில்லை.

ரேஷன் இலாகா வேளாண்மை இலாகாவுக்குக் கடிதம் எழுதியது: பயனாளிகளின் ரேகையைக் கொண்ட இந்தப் பூச்சியை மருந்தடித்து ஒழித்துத்தர வேண்டும். வேளாண்மை இலாகா பதில் எழுதியது: பெயரில்லாத பூச்சிக்கு மருந்தடிக்க விதியில்லை, முதலில் அது என்ன பூச்சி என்று தெரிய வேண்டும். அப்படித்தான் மாசி மாதத்தில் முனைவர் கோதண்டபாணி நெருஞ்சிப்பாறைக்கு வந்துசேர்ந்தார்.

கோதண்டபாணி இருபத்தேழு வருஷமாகச் சிறு பூச்சிகளை வகைப்படுத்துகிறவர். அதிலும் இலைச்சுருட்டிகள். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் லென்ஸ் தொங்கும், சட்டைப்பையில் எப்போதும் மூன்று இடுக்கி இருக்கும், கல்யாணப் பந்தியில்கூட வாழையிலையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். அத்தனை வருஷத்தில் அவர் வகைப்படுத்திய எல்லாமே வேறு யாரோ, பெரும்பாலும் நூறு வருஷத்துக்கு முன்னால் செத்த வெள்ளைக்காரர்கள், பெயர் வைத்துவிட்டுப் போனவை. தன் பெயரைச் சொல்ல அவருக்கு ஒரு பூச்சி இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் மனைவி அவரைத் தூங்கவிடுவதில்லை என்று பல்கலைக்கழகத்தில் பேச்சு.

அவர் புங்கமரத்தடியில் மேஜை போட்டு முதல் பத்துப் பூச்சியை லென்ஸில் பார்த்தார். பத்தும் பத்து விதம். சிறகுக்கோடு ஒன்றுபோல ஒன்றில்லை. அறுபத்துநாலையும் பார்த்தார். அறுபத்துநாலு புது இனம்! அன்று மத்தியானம் அவர் சாப்பிடவில்லை, மனைவிக்கு போன் செய்து, "அறுபத்துநாலு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆனால் சிறகைப் பார்த்து இனத்தை முடிவுசெய்யக் கூடாது என்பது அவர் தொழிலின் பாலபாடம், வெளித்தோற்றம் ஏமாற்றும், வயிற்றுக்குள் இருக்கிற நுண்ணிய உறுப்புகள்தான் உண்மை சொல்லும். முட்டையிட்டு முடித்துச் செத்த பூச்சிகளை வாங்கி, வயிற்றைக் காரக் கரைசலில் ஊறவைத்துப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உள்ளே எல்லாம் ஒன்று. ஒரு இம்மி வித்தியாசமில்லை. அறுபத்துநாலும் ஒரே இனம்.

அவர் மேஜையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தபோது வெள்ளைச்சி மோர் கொண்டுவந்தாள்.

"என்னுங் சார், மேலுக்கு முடியலீங்களா?"

"எல்லாம் ஒண்ணுதாம்மா. வெளியிலதான் வேற வேற. உள்ள ஒண்ணு."

"அதுக்கா இத்தன நாளாச்சு? பாத்தாலே தெரியுதுங்களே."

அவர் மோரைக் குடித்தார். குடித்ததும் கொஞ்சம் தெளிந்து, ஒன்றானாலும் புதிய ஒன்று, அது போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, நோட்டை எடுத்து அவளுக்கு விளக்க ஆரம்பித்தார், விளக்காமல் அவரால் இருக்க முடியாது. "இதோட குடும்பம் இலைச்சுருட்டிக் குடும்பம். அதுக்குக் கீழ துணைக்குடும்பம். அதுக்குக் கீழ ட்ரைப்."

"ட்ரைப்புங்களா?"

"ஆமா, ட்ரைப். ஒரு பிரிவு. ஆர்க்கிப்பினின்னு பேரு. அதுல சேத்துட்டேன்."

வெள்ளைச்சி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "ட்ரைப்புனா பழங்குடிங்கதான? ஆபீஸ்ல அப்படித்தான் சொல்றாங்க."

"அந்த வார்த்தைதான். ஆனா இது பூச்சிக்கு."

"யாருங் சேத்தது?"

"நான்தான்."

"எப்பச் சேத்தீங்?"

"இப்பத்தான். காலைல பத்தரை மணிக்கு."

"தாலுக்கா ஆபீசுக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"எதுக்கும்மா தாலுக்கா ஆபீஸ்?"

"பூச்சிகிட்ட அம்பது வருசத்துக்கு முந்தின பத்திரம் கேக்கலீங்களா? அதோட அப்பனுக்கு அப்பன் பள்ளிக்கூடத்துல படிச்ச சீட்டு?"

"பூச்சிகிட்ட எப்படிம்மா..."

"எங்ககிட்டக் கேட்டாங்களே," என்றாள் வெள்ளைச்சி.

கதை இதுதான். அரசாங்கத்தின் பழங்குடிப் பட்டியலில் 'ஈச்சாணர்' என்று ஒரு பெயர் இருந்தது. இவர்கள் 'ஈச்சணர்'. என்றைக்கோ ஒரு குமாஸ்தா பட்டியலை எழுதும்போது கை தவறி ஒரு துணைக்காலைச் சேர்த்துவிட்டார். அந்தக் கால் அச்சில் ஏறியது, அரசிதழில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை. நெருஞ்சிப்பாறைக்காரர்கள் சாதிச் சான்றிதழ் கேட்டுப் போகும்போதெல்லாம் தாலுக்கா ஆபீசில், "பட்டியல்ல இருக்கறவங்களுக்குக் கால் இருக்கு, உங்களுக்குக் கால் இல்லை, நீங்க வேற யாரோ" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த ஒரு காலுக்காக இவர்கள் நாற்பத்தொரு வருஷம் நடந்தார்கள். ஈச்சாணர் என்று உலகத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று தேடியும் பார்த்தார்கள், அப்படி ஒரு ஆள் எந்த மலையிலும் இல்லை.

ஒருமுறை விசாரணைக் கமிட்டி ஒன்று வந்தது. பழங்குடியா இல்லையா என்று கண்டுபிடிக்க அவர்கள் ஒரு கேள்வித்தாள் வைத்திருந்தார்கள். தனி ஆட்டம் உண்டா, தனிப் பாட்டு உண்டா, வெளியாட்களைக் கண்டால் கூச்சப்படுவீர்களா. மற்றவர்கள் ஒதுங்கி நிற்க வெள்ளைச்சி முன்னால் வந்து, "கூச்சமெல்லாம் ஒண்ணுமில்லீங், நல்லாக் கேளுங்க" என்றாள். அந்தப் பதிலுக்கு மார்க் போய்விட்டது. கூச்சமில்லாதவர்கள் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

இதெல்லாம் இப்போது ஏன் முக்கியமென்றால், வெள்ளைச்சியின் மகள் சுகன்யா. நெருஞ்சிப்பாறையிலேயே பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் ஆள் அவள். நர்சிங் கல்லூரியில் போன வருஷமே அவளுக்கு இடம் கிடைத்திருக்கும், சான்றிதழ் இல்லாததால் அந்த இடம் வேறு யாருக்கோ போனது. இந்த வருஷமும் ஆவணிக்குள் காகிதம் கொடுக்காவிட்டால் மாறு கட்டத்தான் போக வேண்டும். ஒரு வருஷமாகக் கட்டிக்கொண்டும் இருந்தாள், அவளுடைய கட்டைவிரலும் வழவழக்கத் தொடங்கியிருந்தது.

கோதண்டபாணி எல்லாவற்றையும் கேட்டார். நல்ல மனிதர்தான், கேட்டுவிட்டு வருத்தப்பட்டார், வருத்தப்பட்டு முடித்த கையோடு தன் தேவையைச் சொன்னார். புது இனத்துக்குப் பெயர் வைக்க ஒரு மூல மாதிரி வேண்டும். முழு உடம்போடு, சிறகு உதிராத, முட்டையிடாத ஒரு பெண் பூச்சி. ஊசியில் குத்திக் கண்ணாடிப் பெட்டியில் காலாகாலத்துக்கும் வைக்கப்படும், உலகத்தில் யார் இந்த இனத்தைப் பற்றிப் பேசினாலும் அதைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அன்று காலைதான் கூட்டைவிட்டு வந்திருந்த, அப்பழுக்கில்லாத ஒரு பூச்சியை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். அது வெள்ளைச்சியுடையது.

"அதைக் குடுத்துட்டா முட்டை வைக்காதுங்களே."

"வைக்காது."

"அப்ப எம் பேருக்கு அடுத்தாப்ல பூச்சியே வராது."

அவர் லென்ஸைத் துடைத்தார்.

"பேர் வெச்சா என்னாகுமுங்க?" என்று கேட்டாள்.

"உலகம் பூரா தெரியும்மா."

"தெரிஞ்சா?"

தெரிந்தால் மருந்தடிப்பார்கள் என்பது அவர் பையில் இருந்த கடிதத்தில் எழுதியிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. "ஒருதடவ அச்சுல வந்துட்டா அந்தப் பேரை யாராலும் மாத்த முடியாது. ஒரு எழுத்தைக்கூட. அது உலக விதி. ராஜாவே வந்தாலும் முடியாது" என்றார், பெருமையோடு.

வெள்ளைச்சி அவர் நோட்டில் இருந்த எழுத்துகளை எட்டிப் பார்த்தாள். பிறகு, "ஒரு எழுத்துக்கூடவா?" என்றாள்.

"ஒரு எழுத்துக்கூட."

"அப்ப எங்க பேரை வைங்க. நாங்க சொல்ற மாதிரி. காலு இல்லாம. பக்கத்துலயே நாங்க பழங்குடின்னும் எழுதிப்போடுங்க. எழுதுவீங்கன்னா பூச்சியத் தர்றனுங்."

கோதண்டபாணிக்குத் தன் மனைவியின் பெயரை வைக்க வேண்டும் என்று ஒரு யோசனை இருந்தது. அவர் மனைவியையும் நினைத்தார், அப்பழுக்கில்லாத சிறகையும் நினைத்தார். சரி என்றார். வெள்ளைச்சி எரவாணத்திலிருந்து தன் தீப்பெட்டியை எடுத்துத் திறந்து பார்த்தாள். பூச்சி சிறகை மணிபோலக் கவித்து உட்கார்ந்திருந்தது. அதன் முதுகில், நாற்பது வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு இருந்து அவளே மறந்துபோன சுழி. அதை அவள் முழுசாகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மூடிக் கொடுத்துவிட்டாள்.

வைகாசியில் புத்தகம் அச்சாகி வந்தது. கோதண்டபாணி ஒரு பிரதியை அவரே கொண்டுவந்து, இனப்பெயரை விரலால் தொட்டுக் காட்டினார். "ஈச்சணரோரம். பின்னால வர்ற 'ஓரம்' லத்தீன். 'அவங்களோடது'ன்னு அர்த்தம்."

"லத்தீன்லயும் எங்கள ஓரத்துலதான் வெச்சிருக்கீங்," என்றாள் வெள்ளைச்சி.

ஆனாலும் கீழே, பெயர்க்காரணம் என்ற இடத்தில், 'இப்பகுதியில் வாழும் ஈச்சணர் பழங்குடியினரின் பெயரால்' என்று தெளிவாக இருந்தது. கால் இல்லை. சுகன்யா அந்த வரியை ஏழு தடவை வாசித்தாள், வாசிக்கத் தெரியாதவர்கள் விரலால் தடவிப் பார்த்தார்கள். மறுநாள் தாயும் மகளும் புத்தகத்தை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தாலுக்கா ஆபீசுக்குப் போனார்கள். பூச்சியைக் கொடுத்த மாதத்திலிருந்தே வெள்ளைச்சி பேருக்கு ரேஷன் அரிசி இல்லை. மற்ற வீட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஒரு கை அரிசி போட்டார்கள், ரங்கி மட்டும் இரண்டு கை.

தாசில்தார் படித்த மனிதர். புத்தகத்தை முழுக்கப் படித்தார், படங்களைப் பார்த்தார், மூல மாதிரியின் சிறகுப் படத்தையும், ரேஷன் பதிவில் வெள்ளைச்சி பேரில் இருந்த ரேகையையும் மெஷினில் ஒப்பிடச் சொன்னார். ஒத்துப்போனது. பட்டியலை எடுத்தார். அதில் கால் இருந்தது. புத்தகத்தை எடுத்தார். அதில் கால் இல்லை. இரண்டையும் நெடுநேரம் மாறிமாறிப் பார்த்துவிட்டு, சட்டத்துக்கு எந்தப் பழுதும் வராதபடி, பச்சை மையில் ஒரு உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டு வட்டமுத்திரை குத்திக் கொடுத்தார்.

வெளியே வேப்பமரத்தடியில் சுகன்யா அதை அம்மாவுக்கு வாசித்துக்காட்டினாள்.

"மனுதாரர் வெள்ளைச்சி என்பாரின் கைரேகை, ஈச்சணர் என்னும் பெயர் தாங்கிய இனத்தின் மூல மாதிரியோடு முற்றிலும் பொருந்துவதால், மனுதாரரும் அவர் மகளும் மேற்படி ஈச்சணர் இனத்தைச் சேர்ந்தவர்கள் என்பது இந்த அலுவலகத்தால் ஐயமற உறுதிசெய்யப்படுகிறது."

"அப்பறம்?"

சுகன்யா விரலை அடுத்த வரிக்கு நகர்த்தினாள். "மேற்படி இனம் பூச்சி என்பதால் மனு தள்ளுபடி செய்யப்படுகிறது."

வெள்ளைச்சி வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டாள். அரிசியும் போச்சு, பூச்சியும் போச்சு. நாற்பத்தொரு வருஷமாக நீ மனுசன்தான், ஆனால் அந்த மனுசன் இல்லை என்றவர்கள், இன்றைக்கு நீ அதேதான், ஆனால் மனுசன் இல்லை என்கிறார்கள்.

"வா, போலாம்," என்றாள்.

"இரும்மா." சுகன்யா காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். "நாம ஈச்சணர்னு எழுதியிருக்காங்கம்மா. ஐயமறன்னு போட்டிருக்காங்க. முத்திரை இருக்குது."

"பூச்சின்னும் எழுதியிருக்காங்களே."

"அது கடைசி வரி," என்றாள் சுகன்யா.

ஆவணி மாதம் நர்சிங் கல்லூரியில் சான்றிதழ் சரிபார்க்கிற மேஜைக்கு முன்னால் நூற்றிருபது பேர் நின்றார்கள். சுகன்யா எதையும் மடிக்கவில்லை, மறைக்கவில்லை. உத்தரவையும், புத்தகத்தில் பெயர்க்காரணம் இருந்த பக்கத்தையும் அப்படியே விரித்து மேஜையில் வைத்தாள். மேஜைக்காரர் பெயரைப் பார்த்தார், இனத்தைப் பார்த்தார், பழங்குடியினர் என்ற வார்த்தையைப் பார்த்தார், பச்சை மையையும் வட்டமுத்திரையையும் பார்த்தார், 'சரிபார்க்கப்பட்டது' என்று குத்திவிட்டு, "அடுத்து" என்றார். கடைசி வரிவரை படிக்கிற வழக்கம் எந்த ஆபீசில்தான் இருக்கிறது.

சுகன்யா விடுதியில் சேர்ந்த அதே வாரத்தில் நெருஞ்சிப்பாறையிலிருந்து செத்துப்போன கிழவர் போக மீதி அறுபத்திரண்டு பேரும் மனுப் போட்டார்கள். தாசில்தார் ஒரே மாதிரி அறுபத்திரண்டு உத்தரவு எழுதினார். மனு தள்ளுபடியானதற்கு மேளம் அடித்துக்கொண்டு வீடு போனவர்களை அந்தத் தாலுக்கா அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தாசில்தார் ஜன்னல் வழியே பார்த்து, பாவம், புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்.

புரட்டாசியில் ஜீப் வந்தது. பூச்சிக்கு இப்போது பெயர் இருந்ததே. உதவி வேளாண் அலுவலர் ஞானவேல், முதுகில் ஸ்ப்ரேயர் மாட்டிய மூன்று பேர், நீல டிரம் ஒன்று, கையில் ஒரு ஆணை. ஞானவேல் புங்கமரத்தடியில் நின்று ஆணையைச் சத்தமாக வாசித்தார்: நெருஞ்சிப்பாறையில் காணப்படும் ஈச்சணர் என்னும் இனம் முழுவதும், ஒன்றுகூட எஞ்சாமல், மருந்து தெளித்து ஒழிக்கப்பட வேண்டும். 'ஓரம்' என்பது தட்டச்சுக்காரருக்கு அநாவசியமாகத் தோன்றியதால் விட்டுவிட்டார்.

மரத்தடியில் எல்லோரும் கூடிவிட்டார்கள். சடையனைக் கட்டிலோடு தூக்கிவந்திருந்தார்கள். ஸ்ப்ரேயர்காரர்களில் ஒருவன் பம்பை அடிக்க ஆரம்பித்தான்.

வெள்ளைச்சி முன்னால் வந்தாள். "சார், அந்தப் பேப்பர இன்னொருக்காப் படிங்."

அவர் படித்தார்.

"முழுசுமா?"

"ஆமாம்மா, முழுசும். நகருங்க, மருந்து மேல படும்."

"படணுமுங்களே," என்று தன் உத்தரவை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் மாதன் நீட்டினான், ரங்கி நீட்டினாள், சடையன் கட்டிலில் படுத்தவாக்கிலேயே நீட்டினான். "நாங்களும் அதுதானுங். தாசில்தார் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. ஐயமறன்னு இருக்குது பாருங்."

ஞானவேல் ஒன்றை வாங்கிப் படித்தார். அவர் வேலையில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது, அதனால் கடைசி வரிவரை படித்தார். இன்னொன்றை வாங்கினார். அதையும் படித்தார். பம்பு அடித்தவனைக் கையால் நிறுத்தச் சொன்னார். டிரம்மைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், வரிசையாக நிற்கிற ஜனங்களைப் பார்த்தார்.

போனை எடுத்து மேலதிகாரியைக் கூப்பிட்டார். "சார், இங்க ஒரு சிக்கல். ஆணைல இனம் முழுசும்னு இருக்கு. இவங்களும் அந்த இனம்னு தாலுக்கால உறுதி பண்ணியிருக்காங்க சார். ஆமா சார், மனுஷங்க. இல்ல சார், பூச்சின்னும் போட்டிருக்கு... முத்திரை ஒரிஜினல்தான் சார். அப்ப இவங்க மேல அடிக்கச் சொல்றீங்களா, வேண்டாம்கறீங்களா?"

எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்பது யாருக்கும் கேட்கவில்லை. மரத்தில் சுருண்ட இலைகள் காற்றுக்கு ஆடின. ஞானவேல் கேட்டுக்கொண்டே வெள்ளைச்சியைப் பார்த்தார், அவள் நகராமல் நின்றாள்.

"சரிங்க சார்," என்றார் ஞானவேல் கடைசியில். "நீங்க சொன்னதையே எழுத்துல குடுத்துருங்க."

போன் வைக்கப்பட்டது. ஸ்ப்ரேயர்களை ஜீப்பில் ஏற்றினார்கள். அவர் கேட்டதை எழுத்தில் கொடுக்க, அந்த இலாகாவில் இன்றுவரை ஒருவரும் முன்வரவில்லை.